சைக்கிளைப் பிடித்துக்கொண்டவன்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஷூ கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு பேர். ஒருவன் போனில் தன் ரேஸ் சைக்கிள் படங்களைக் காட்டிக்கொண்டு வந்தான்.

“இன்னாடா, ஸ்டாண்டே இல்லாம தானா நிக்குது?”

“சலீம் புடிச்சிக்கினு இருப்பான். நான் சொன்னதும் விட்டுட்டு ஓரமா குதிப்பான். சைக்கிள் விழறதுக்குள்ள போட்டோ எடுத்துடுவேன்.”

“ஆக்சிடென்ட்ல போய்ட்டானே, அந்த சலீமா?”

“ஆமா. அவன் சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ இருந்தா குடுன்னு அவங்க அம்மா நேத்து கேட்டாங்க. இத்தினி படத்துல ஒண்ணுலயும் அவன் இல்ல.”

“ஒண்ணுலகூடவா?”

“ஒண்ணுல குதிக்க லேட்டாயி அவன் மூஞ்சி படத்துல நல்லா விழுந்துது. சைக்கிள் மட்டும் இருந்தாதான் ஷோக்கா இருக்கும்னு அவனே அழிக்கச் சொன்னான். அழிச்சிட்டேன்.”