முப்பத்தெட்டாம் எண் அட்டை

என் பெயர் சேதுராமன், தகப்பனார் பெயர் கலியாணசுந்தரம், வயது நாற்பத்து நான்கு, மலாக்கா காஜா பெராங்கில் குடியிருக்கிறேன். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். கிளேபாங் ஹார்வி நினைவு மருத்துவமனையில் பன்னிரண்டு ஆண்டுகளாக நோயாளர் பதிவு எழுத்தர். மருத்துவமனையின் நாற்பது நோயாளர் அட்டைகளை நான் எடுத்துச் சென்றதாக அறுவை மருத்துவர் பொன்னுதுரை கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எடுத்தது உண்மை.

டாக்டரும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம். கடைசி ஆண்டில் நான் முதலாவது, அவர் மூன்றாவது. அவர் சிங்கப்பூருக்கு மருத்துவம் படிக்கப் போனார், நான் போகவில்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று வாக்குமூலம் எழுதும் போலீஸ் சார்ஜன் சொன்னார். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் கண்டு இருதய வால்வு ஒட்டிச் சுருங்கிப்போனவர்களுக்கு, விலாவைத் திறந்து இருதயத்துக்குள் விரலை விட்டு அதை விரிக்கும் அறுவையை டாக்டர் 1956 முதல் செய்துவருகிறார். நாற்பது பேரின் முடிவுகளை மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிடுவது அவர் திட்டம். ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையின் அடியில் இரண்டே கட்டங்கள்: மருத்துவமனையில் இறந்தார், குணமடைந்து வீடு திரும்பினார். நம் ஆட்கள், பிழைக்கமாட்டார் என்று தெரிந்தால் மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முதல் தடவையே கேட்டேன். அதற்கு அவர், "உயிரோடைதானே போனவை, சேது? பிறகு என்ன நடந்ததெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டாவதில போடும்," என்றார். போட்டேன். கட்டுரையில் என் பெயரும் வரும் என்று சொல்லியிருந்தார்.

என் தங்கை ருக்மணிக்கு வயது இருபத்தொன்பது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். முப்பத்தேழு பேரில் இருவர்தான் இறந்திருக்கிறார்கள் என்று, நான் எழுதிய அட்டைகளையே காட்டி, அவளையும் அவள் கணவர் கருணாகரனையும் சம்மதிக்க வைத்தவன் நான். அந்த எண்ணிக்கையை அதற்குள் நானே நம்பத் தொடங்கியிருந்தேன். தன் அட்டையைப் பார்த்து அவள், "முப்பத்தெட்டா? லாட்டரி நம்பர் மாதிரி இருக்கேண்ணே, அடிக்குமா?" என்று கேட்டாள்.

1959 மார்ச் ஐந்தாம் தேதி அறுவை நடந்தது. ஒன்பதாம் தேதி காலை அவளுடைய இரண்டு கால்களும் வெளுத்துச் சில்லிட்டுப் போயின. இருதயத்தில் இருந்த இரத்தக்கட்டி ஒன்று நழுவி, வயிற்றில் இரத்தப் பெருங்குழாய் இரு கால்களுக்கும் பிரியுமிடத்தை அடைத்துவிட்டது என்றும், இது மிக அரிது என்றும் டாக்டர் சொன்னார். கால்கள் சில்லிட்டதாக அதற்கு முன் மூன்று அட்டைகளில் நான் எழுதியிருந்தேன். மூவரும் வீட்டுக்குப் போனவர்கள்.

அதன்பின் கருணாகரன் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, "மச்சான், மூச்சு இருக்கப்பவே வீட்டுக்குக் கொண்டு போயிரலாம். இங்கயே போயிட்டா எந்த டாக்சிக்காரன் ஏத்துவான்?" என்றார். அட்டையை முடிக்காமல் நோயாளியை வெளியே விடமாட்டார்கள். நான் மேசைக்குச் சென்று முப்பத்தெட்டாம் எண் அட்டையில் இரண்டாவது கட்டத்தை நிரப்பி, மையொற்றி, கொடுத்துவிட்டு வந்தேன். டாக்சியில் அவள் கால்களை என் மடியில் வைத்துக்கொண்டேன். மாலை நான்கு இருபதுக்கு, வீட்டு வாசலில் இறக்கும்போது உயிர் பிரிந்தது.

அதன்பின் மூன்று மாதம் வேலைக்குப் போய்வந்தேன். ஜூன் பன்னிரண்டாம் தேதி கட்டுரையின் தட்டச்சுப் படி என் மேசைக்கு வந்தது. நாற்பது அறுவை, இரண்டு மரணம், இரத்தக்கட்டியால் அடைப்பு ஒன்றுகூட இல்லை என்றிருந்தது. தங்கைக்காகவே அட்டைகளை எடுத்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. நான் முதலில் தேடியது என் பெயரை. நன்றி சொல்லும் பத்தியில் மேட்ரன் பெயர் இருந்தது, எக்ஸ்ரே இயந்திரம் வாங்கிக் கொடுத்த சீன முதலாளி தவுக்கேயின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. அதன்பிறகுதான் முப்பத்தெட்டாம் எண்ணைத் தேடினேன்.

பதினைந்தாம் தேதி அட்டைகளை எடுத்துக்கொண்டு, அவசரமாக வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட மற்ற எட்டுப் பேரின் வீடுகளுக்கும் சைக்கிளில் போனேன். இருவர் உயிரோடு இருக்கிறார்கள். புக்கிட் காதில் என்ற ஊரில் ஒரு தாய், அட்டையைக் கண்டதும் மகனுக்கான மருத்துவமனைப் பாக்கிக் கணக்கு என்று நினைத்து, "மருந்து மிச்சம் இருக்குங்க சார், திருப்பி எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டு, பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். அவர் மகன் வீடு சேர்ந்த மறுநாளே இறந்திருந்தான்.

வரும் திங்கட்கிழமை நாற்பத்தோராவது நோயாளிக்கு அறுவை. பெயர் மெய்யம்மை, வயது பத்தொன்பது. அவள் தகப்பனாரிடமும் இருவர்தான் இறந்தார்கள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவன் நான். வீட்டில் நடந்த மரணங்கள் போலீஸ் நிலையத்தில்தான் பதிவாகின்றன. ருக்மணியின் மரணத்தை இதே மேசையில்தான் நான் பதிவு செய்தேன். போலீசார் அந்தப் பதிவேட்டை அட்டைகளோடு ஒத்துப் பார்த்து, திங்கட்கிழமைக்குள் அந்தத் தகப்பனாரிடம் சரியான எண்ணிக்கையைச் சொல்லவேண்டும். நான் சொன்னால் இனி அவர் நம்பக் கூடாது.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் வற்புறுத்தவில்லை. ஒன்பது அட்டைகளிலும் இரண்டாவது கட்டத்தில் இருப்பது யாருடைய எழுத்து என்று டாக்டரிடம் கேட்கத் தேவையில்லை. கீழே உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

(ஒப்பம்) க. சேதுராமன்
20.6.1959