டோர்தேயின் சிரிப்பும் என் பங்குகளும்

எங்கள் ஆர்ஹூஸ் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை நல்ல லவங்கப்பட்டை ரொட்டி வேண்டுமென்றால் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்துவிடுவேன். சூடாக வாங்கிக்கொண்டு தங்கை டோர்தே வீட்டுக்குப் போவேன். பல வருடமாக மனச்சோர்வில் கிடந்தவள் அவள். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து என்னை விசாரிக்க வந்திருக்கும் நீங்கள், நான் பாசமில்லாதவன் என்று நினைத்துவிடக் கூடாது, மேடம்.

மனச்சோர்வுக்குப் புது மாத்திரை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தின் பங்குகளில் என் சேமிப்பு முழுவதையும் போட்டிருந்தேன். துன்பப்படுகிறவர்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு. அவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள் என்பதும் தெரியும். சோதனைக்கு ஆள் தேடினார்கள், டோர்தேயைச் சேர்த்துவிட்டேன். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று சோதனை முடியும்வரை யாருக்கும் தெரியாது.

இந்தத் தொழிலின் சாபக்கேடு என்னவென்றால், மாவைத் தின்றவர்களும் குணமாகித் தொலைக்கிறார்கள். நர்ஸ் அன்பாக இரண்டு வார்த்தை விசாரித்தால் போதும், தேறிவிடுகிறார்கள். நன்றிகெட்ட ஜனங்கள். மாவைவிட மருந்து அதிகம் பேரைத் தேற்றாவிட்டால், அப்புறம் மருந்துக்கு என்ன மரியாதை?

சில வாரங்களில் டோர்தே சிரித்தாள். குளிர்காலக் கடலில் குளிக்கும் பெண்கள் கூட்டத்தில் சேர்ந்துகொண்டு, ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"பழைய மாத்திரை மாதிரி வாய் உலரவே இல்லண்ணா. ஒரு தொந்தரவும் கிடையாது, தெரியுமா?"

தொந்தரவு இல்லையென்றால் மாவுதான். மாவுப் பக்கத்தில் நின்று ஒருத்தி சிரிக்கிறாள், அதுவும் என் சொந்தத் தங்கை.

முதலில் ஞாயிற்றுக்கிழமை போவதை நிறுத்தினேன். போனை எடுக்கவில்லை. அவள் சளைக்கவில்லை; தானே ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னேன்.

"டோர்தே, நீ முழுங்குறது வெறும் மாவு. உனக்கு ஒண்ணும் சரியாகல."

"அப்போ நான் சிரிச்சதெல்லாம்?"

"நீயா நெனச்சுக்கிட்டது."

"அப்படியா," என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு கடலுக்குப் போகவில்லை, கட்டிலை விட்டே இறங்கவில்லை. வசந்தம் வருமுன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். அடக்கத்தன்று அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

சோதனை முடிந்து விவரங்களை வெளியிட்டார்கள். டோர்தே தின்றது மாவல்ல, மருந்து. வாயை உலர்த்தாது என்பதுதான் அந்த மருந்தின் பெருமையே. அதற்காகத்தான் பணமே போட்டிருந்தேன். பதற்றத்தில் மறந்துபோயிற்று. கடைசியில் மருந்து மாவிடம் மயிரிழையில் தோற்றது. அது காப்பாற்றத் தவறியவர்களில் அவளையும் சேர்த்துவிட்டார்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவளைக் கொன்றது நான். எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் கெடுத்த ஒருத்தியை மருந்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. டோர்தே ஒருத்தியை மட்டும் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். நாங்கள் ஜெயித்துவிடுவோம்.