ஒரே வீடு, இரண்டு மாநிலம்

தாம்பரத்தில் ஆதார் சென்டர் வரிசை. சர்வர் வேலை செய்யவில்லை என்று அரை மணி நேரமாக நிற்க வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் காலி மீன்கூடையோடு ஒரு அம்மா. அவருக்கு முன்னால், இரும்புலியூரில் டைல்ஸ் ஒட்டும் வடநாட்டுக்காரர். எட்டு வருஷமாக இங்கேதானாம், நன்றாகவே தமிழ் பேசினார்.

“நான் பொறந்தது பீகார், அக்கா. தம்பி பொறந்தது ஜார்க்கண்ட். வீடு ஒண்ணுதான்.”

“இன்னாபா சொல்ற? ஒரே வூட்ல எப்படி?”

“நடுவுல ஸ்டேட்டைப் பிரிச்சிட்டாங்க. வீடு அங்கயேதான் இருக்கு.”

“யாரு பிரிக்கச் சொன்னது?”

“நாங்கதான். எங்க ஜனம் வேற, பாஷை வேற. தாத்தா ஊர்வலம் போனாரு, கிடைக்கல. அப்பா போனாரு. தம்பி வயித்துல இருக்கும்போது அம்மாவும் போனாங்க.”

“வயித்துப் புள்ளைய வெச்சிகினா?”

“இவனாவது நம்ம ஸ்டேட்ல பொறக்கட்டும்னு சொல்லிட்டே நடந்தாங்களாம். புது ஸ்டேட் வந்து ஒன்பதாம் நாள் பொறந்தான்.”

அந்த அம்மா கூடையைக் கீழே வைத்தார்.

“எங்க கோவளத்தையும்தான் காஞ்சிபுரம் ஜில்லாலேர்ந்து எடுத்து செங்கல்பட்டுல போட்டாங்க. அட்ரஸ் திருத்த வந்தப்பதான் எனக்கே தெரியும்.”

சர்வர் வந்துவிட்டது போல. வரிசை நகர்ந்தது. அந்த அம்மா நகரவில்லை.

“ஏம்பா, நாங்க கேட்டா எங்க ஜனத்துக்குன்னு ஒரு ஜில்லா குடுப்பாங்களா?”