யூடித்தின் உப்பு

— சுத்தியல அப்புறம் தூக்கு, ஹில்டிங். முதல்ல சொல்லு. இந்தக் காங்கிரீட் படிய என் உப்புதானே தின்னுச்சு?

— நான் உடைஞ்ச படி மேல பலகை அடிக்க வந்தேன், யூடித். வெள்ளிக்கிழமை எஸ்கிலை அடக்கம் பண்ணிட்டு ஊரே காப்பிக்கு இதுல ஏறித்தான் வரும். இன்னொருத்தர் விழணுமா?

— விழுந்தது என் புருஷன். எனக்குத் தெரிஞ்சாகணும்.

— அது வந்து... உப்பு எப்பப் போட்ட?

— நீ படி கட்டிக் கொடுத்த முதல் குளிர்காலம். பனி உறைஞ்சு கண்ணாடியாட்டம் கிடந்துச்சு. அவன் வழுக்கிடக் கூடாதே, பனி உருகட்டும்னு ரெண்டு பிடி தூவினேன். அதுக்கப்புறம் மணல்தான். வேணும்னா வாளியப் பாரு.

— ஏழு வருஷத்துல அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். அதுக்கு ஏழு வருஷமா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பனி உருகினதும் படி உதிரும், உடனே ஆரம்பிச்சுடுவான், 'எல்லாம் உன் உப்பு'ன்னு. இடுப்பு உடைஞ்சு ஸ்ட்ரெச்சர்ல கிடந்தப்பவும் அதான் சொன்னான். நீயும்தான் பக்கத்துல நின்னியே. என்கிட்ட அவன் கடைசியாப் பேசினது அது.

— கொஞ்சம் தள்ளிக்கோ. தட்டிப் பாக்கறேன்.

— என்ன இது, காஞ்ச ரொட்டி மாதிரி கொட்டுது?

— அது வந்து, யூடித்... உப்பு மேல்தோலத்தான் உரிக்கும். இது அடி வரைக்கும் பொடியா இருக்கு. காங்கிரீட் இறுகறதுக்குள்ள உள்ள இருந்த தண்ணி உறைஞ்சுபோச்சு. ஊத்தின அன்னைக்கு ராத்திரியே.

— ஊத்தினது நீ.

— நான்தான். அக்டோபர் மாசம். மறுநாள் விடிஞ்சா எல்க் மான் வேட்டை. அவசர அவசரமா ஊத்திட்டுக் காட்டுக்குப் போய்ட்டேன். குளிர் தாக்காம அது மேல போத்தற கம்பளி வண்டியிலயே கிடந்துச்சு. அவ்வளவு குளிராதுன்னு நினைச்சேன். அன்னைக்கு மைனஸ் ஏழு.

— அப்ப என் உப்பு இல்ல.

— இல்ல.

— அடப்பாவி. ஒரு வார்த்தை அவன்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? என்னைத் திட்டிக்கிட்டே செத்தானே. கடைசி வரைக்கும் தெரியாமலே போய்ட்டானே.

— தெரியாமப் போகல, யூடித். முதல் வருஷமே ஆணியால குத்திப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டான். 'வெளிய தெரிஞ்சா உனக்கு எவன்டா வேலை கொடுப்பான்? யூடித் உப்பு போட்டாள்ல, அதனாலதான்னே இருக்கட்டும்'னான்.