பட்டியலில் கந்தப்பன் முதலில் நின்றது குறித்து

எனது பெயர் தனப்பிரியா. தகப்பனார் பெயர் காளியப்பன். வயது 28. வெண்ணந்தூரில் பெற்றோருடன் வசிக்கிறேன். திருச்செங்கோட்டில் சந்திரசேகர் என்பவர் நடத்தும் வெப்சைட் கம்பெனியில் ஐந்து வருடமாகச் சர்வர் கம்ப்யூட்டரைப் பராமரிக்கும் வேலை பார்த்து வருகிறேன். போர்வெல் கம்பெனி வைத்திருக்கும் சபரிநாதன் என்பவரின் வாடிக்கையாளர்களை, அதே தொழில் செய்யும் அவருடைய பங்காளி கந்தப்பனுக்கு நான் திருப்பிவிட்டதாகச் சபரிநாதன் கொடுத்த புகாரின்பேரில் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, கேட்டதற்குச் சொல்வதாவது.

சபரிநாதன், கந்தப்பன் உட்பட எங்கள் வாடிக்கையாளர்களின் வெப்சைட்டுகள் எல்லாம் ஒரே சர்வரில் ஓடுகின்றன. எந்த முகவரி கேட்டு வந்தவருக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று சர்வருக்குச் சொல்வது கான்ஃபிக் ஃபைல். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் ஒரே அச்சில் பெயரை மட்டும் மாற்றுவது போல, நான் அதற்கு ஒரு டெம்ப்ளேட் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் பட்டியலில் பெயரைச் சேர்த்து, ஸ்கிரிப்ட் என்ற சிறு புரோகிராமை ஓட்டினால், அது பழைய ஃபைல்களை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடும். ஆகவே எழுதி வந்த ஃபைலில் யாரும் கை வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் தமிழிலேயே போட்டிருக்கிறேன். முதலாளியிடம் வாயால் சொல்லிச் சொல்லியும் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

வந்த முகவரி எதற்கும் பொருந்தாவிட்டால் சர்வர் பட்டியலில் முதலில் இருப்பவரின் பக்கத்தைக் காட்டிவிடும். அதனால் முதல் இடத்தில் வெறும் பக்கம் ஒன்றை வைத்திருந்தேன். போன ஆடியில் ஆபீசுக்கு வந்த கந்தப்பன் திரையைப் பார்த்து, "அது ஆருங்க எனக்கு மேல, பேரே இல்லாதவன்? எங்க கோயில்ல மொத பரிவட்டமே எனக்குத்தானுங்க" என்று எழுந்து நின்றுவிட்டார். அது ஆளே இல்லைங்க என்று நான் எவ்வளவோ சொன்னேன். முதலாளி, "தூக்கி மேல போட்டுரு சாமி, என்ன இப்ப" என்றார். அதன் பிறகுதான் போட்டேன்.

அதன் பிறகு இந்தச் சித்திரையில் சபரிநாதன் போர் போடும் புது ரிக் வண்டி எடுத்து, அதற்கென்று புது முகவரி கேட்டார். அன்று நான் லீவு. முதலாளி பட்டியலைத் தொடாமல், கை வைக்கக்கூடாது என்று எழுதிய வரிக்கு நேர் கீழேயே கை வைத்து, அந்த முகவரியை ஃபைலில் தட்டிவிட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை. அதன் பிறகு ஒரு முட்டைப் பண்ணைக்காரருக்காக நான் ஸ்கிரிப்டை ஓட்ட, முதலாளி எழுதிய வரி அழிந்துபோனது. அன்று முதல் சபரிநாதனின் புது முகவரியைத் தட்டியவர்களுக்கெல்லாம் கந்தப்பனின் போன் நம்பர் வந்திருக்கிறது.

வாழப்பாடியில் இருக்கும் சபரிநாதனின் மாமனாரும் மருமகன் அனுப்பிய முகவரியைத் தட்டி, அதில் வந்த நம்பரில் பேசி, மருமகனின் ஆள்தான் என்று நம்பி வண்டி வரச் சொல்லியிருக்கிறார். விருந்துக்குப் போன சபரிநாதன், மாமனார் தோட்டத்தில் பங்காளியின் வண்டி போர் போடுவதைப் பார்த்திருக்கிறார். தண்ணீர் வேறு பொங்கி வந்ததாம். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. அதற்காக நான் கந்தப்பனிடம் கை நீட்டிக் காசு வாங்கியதாக எழுதிக் கொடுப்பதா? என் லேப்டாப்பையும் ஸ்டேஷனில் எடுத்து வைத்துவிட்டார்கள். வழக்கு என்று வந்துவிட்டால் இனி எந்தக் கம்பெனியும் என்னைச் சர்வர் பக்கம் விடாது. அங்கேயே இருந்த முதலாளியோ, "கான்ஃபிக் எல்லாம் அந்தப் புள்ளதானுங்க பாக்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு உதவி ஆய்வாளரிடம், எந்த வெப்சைட்டின் பெயரும் போடாமல், யாருக்கும் பொருந்தாத எங்கள் சர்வரின் எண்ணை மட்டும் பிரவுசரில் தட்டிப் பார்க்கச் சொன்னேன். தட்டினார். கந்தப்பனின் பக்கம் வந்தது. அதன் பிறகே முதலாளி, "அவசரத்துக்கு ஒரு வரி போட்டனுங்க, அது போயிருமுன்னு எனக்கென்ன தெரியும்" என்றார். தலையிலேயே எழுதியிருக்கிறதே என்று கேட்டேன். "அதையெல்லாம் ஆரு படிக்கறா" என்றார்.

அதன் பிறகு சபரிநாதன் உதவி ஆய்வாளரிடம், "செரிங்க மேடம், புகார வாபஸ் வாங்கிக்கறனுங்க. ஆனா மொத எடத்துல இனி எம் பேருதான் இருக்கோணும்" என்றார். முதலாளியும், "போட்டுரு சாமி, இப்பவே ஊட்டுக்குப் போயிரலாம்" என்றார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதுவரை நடந்தது யாரும் நினைக்காமல் நடந்தது. இனிப் போட்டால், வழி தவறி வருகிறவர்கள் எல்லாம் அவரிடம் போவார்கள் என்று தெரிந்தே போட்டதாகும். நான் செய்யாத குற்றத்திலிருந்து வெளியே வர, அதே குற்றத்தைச் செய்யச் சொல்கிறார்கள். அதையும் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறார்கள். லேப்டாப் கைக்கு வந்ததும் வெறும் பக்கத்தைத்தான் மறுபடி முதலில் வைப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கந்தப்பன் போனில் வந்து, தன்னைக் கீழே இறக்கினால் என்மேல் புகார் கொடுப்பதாகச் சொன்னார். அப்படிக் கொடுத்தால், இதே வாக்குமூலத்தை அதற்கும் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேற்கண்டவை நான் சொன்னபடியே பதிவாகியுள்ளன. உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. தலையிலிருந்து கடைசி வரை ஒரு வரி விடாமல் நானே படித்துப் பார்த்த பிறகு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கா. தனப்பிரியா