குதிரைகள் எழுந்து நின்ற பாவாடை

— பஞ்சாரம்னா பஞ்சாரம்தான் அண்ணே. கோழியக் கவுத்து மூடுறது. அதப் போட்டுக்கிட்டா எங்க வீட்டு மருமக வரவேற்பு மேடையில நிக்கணும்?

— சம்மந்தியம்மா, காரைக்குடியில கருத்தையா சவுளிக்கடைன்னா நாலு பேருக்குத் தெரியும். நல்ல பேரச் சொல்லிச் சரக்கத் தள்ளிவிடுறது எங்க தொழில். நீங்க பேரச் சொல்லியே சரக்க வேண்டாங்கிறீக. ஏம்மா முஸ்கான், தைக்கிறவ நீ, எடுத்துச் சொல்லு.

— சொல்றேன் மாமா. பொன்னழகம்மா, இங்குட்டு வெளிச்சத்துக்கு வாங்க. கீர்த்தியக்கா ஜப்பான்லேருந்து வரவச்ச பாவாட இதான். இந்த மாதிரி உடுப்ப லோலிட்டாம்பாக. மேல தெரியிறதுல பாதி அழகுதான். மீதி, உள்ள போடுற பாவாடையில இருக்கு. அது ரெண்டு வடிவு. ஒண்ணு மணி மாதிரி, இடுப்புலேயே பொங்கி எறங்கும். நீங்க பஞ்சாரங்கிறது இதத்தான். இன்னொண்ணு ஏ-லைன், புனலக் கவுத்த மாதிரி சரிவா எறங்கும்.

— அந்தப் புனல்தான் அடக்கம். அதத் தையி. எங்க நேமத்தான்பட்டிச் சனம் பூரா வருது. என் மகன் கார்த்திக் என்னடான்னா, 'அவளுக்குப் பிடிச்சதப் போடட்டும்மா'ன்னுட்டான். அவனுக்கென்ன, பேச்சு வாங்கப்போறது நான். கீர்த்தியே நேத்து பெங்களூர்லேருந்து போன்ல பேசி, 'சரி அத்த, உங்க இஷ்டம்'னுருச்சு.

— எம்மகளோட அந்தச் 'சரி'ய நானும் உங்க பக்கத்துல இருந்து போன்ல கேட்டேன் சம்மந்தியம்மா. கடையில அரை மனசா எடுக்கிறவுக குரல் எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோயி பீரோவுல வச்சுப் பூட்டிருவாக, உடுத்த மாட்டாக. ஆசையா வாங்கின புள்ள அது. ஏற்கெனவே ஒரு டெய்லர் கெடுத்தது போதாதா?

— யாரு அது மாமா?

— பெங்களூர்ல ஒருத்தர். உள்பாவாடன்னு சொன்னதும் சேலைக்குக் கட்டுற நாடாப் பாவாடையத் தச்சுக் குடுத்துட்டாராம். மேல இதப் போட்டா, கொடியில காயப்போட்ட ஈரத்துணி கணக்காத் தொங்குச்சாம். புள்ள அழுகாத கொற.

— அதுக்காகப் பஞ்சாரமா? அதெல்லாம் சரிப்படாது.

— கோவிக்காம இந்தக் கரையப் பாருங்க சம்மந்தியம்மா. சுத்திவர ரோசாச் செடி, ராட்டினம், குதிர. கரை நேரா ஓடுது, கண்டாங்கிச் சேலையில ஓடுற மாதிரி. வளச்சு வெட்டியிருந்தா குதிரைக்குப் பாதிக் கால் போயிருக்கும். அப்ப இதத் தச்ச ஜப்பான்காரன் வளச்சு வெட்டவே இல்ல. நீளத் துணிய அப்பிடியே இடுப்புல சுருக்கிவிட்டிருக்கான். அம்புட்டுத் துணியும் இடுப்புலதான் கெடக்கு. அதத் தாங்கணும்னா மணிதான் வேணும்.

— அதேதான் மாமா, நான் சொல்ல வந்தது. இந்தா, பொம்மைக்குப் புனல மாட்டி மேல இத விட்டுப் பாக்குறேன். பாத்தீகளாம்மா? இடுப்புக்குக் கீழ காத்தில்லாம மடிஞ்சிருச்சு. குதிரையெல்லாம் மடிப்புக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிருச்சு.

— ஒளியட்டுமே. சனம் குதிரையப் பாக்கவா வருது?

— சரி, என் பேச்சும் வேணாம், உங்க பேச்சும் வேணாம். பாதி மணி, பாதி புனல். ரெண்டு வீட்டுக்கும் நட்டமில்ல.

— அப்பிடித் தச்சா இடுப்புல உப்பி, நடுவுல சொங்கிப் போயிரும் மாமா. துணி பேரத்துக்கெல்லாம் வராது.

— அப்ப அந்த மணியக் குடு ஆத்தா, நானே மாட்டிக் காட்டுறேன். ஒரு எட்டு எடுத்து வைக்க முடியாது. பக்கத்துல எம்மகன் நிக்க எடம் இருக்காது. உங்க கண்ணாலேயே பாருங்க.

— வெளிய வண்டியில உங்க வீட்டுக்காரரு, நம்ம சேவுகப்பெருமாள் அண்ணன் இருக்காகளே. அவுகளையும் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டுருவமா?

— அவுகளா? என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தலைய நிமித்தல. கல்யாணத்துக்குப் பொறகு பேப்பருக்குப் பின்னாடி போயி உக்காந்தவுகதான். புதுச் சேல கட்டிக்கிட்டு முன்னால போயி நின்னா 'ம்'பாக. பக்கத்தத் திருப்புறதுக்குச் சொல்றாகளா, எனக்குச் சொல்றாகளான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. விடுங்க.

— சேலைக்கு மேலேயே போட்டுக்கங்கம்மா, இடுப்புல எலாஸ்டிக்தான். உப்பி நிக்க வைக்கிற இந்தக் கேன்கேன் நெட்டு குத்துமோன்னு பயப்படாதீக, அடியில பருத்தி வச்சிருக்கேன். மாமா, நீங்க அங்குட்டுத் திரும்பிக்கங்க. ம், கையத் தூக்குங்கம்மா. இப்ப மேல பாவாட. விட்டுட்டேன், கண்ணாடியப் பாருங்க.

— என்ன சம்மந்தியம்மா, போட்டாச்சா? நான் திரும்பலாமா?

— திரும்புங்க மாமா.

— யப்பா.

— முஸ்கானு. இந்தக் குதிரையெல்லாம் எந்திரிச்சு நிக்கிதே.

— நடந்து பாருங்கம்மா. அந்தத் தையல் மெசின் வரைக்கும் போயிட்டு வாங்க.

— கூடவே வருது. நான் நின்னதுக்கப்புறமும் அது ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் நிக்கிது. கனமே தெரியல ஆத்தா. சின்னதுல ஊருணியில எறங்கி நின்னா, பாவாட மெதந்து சுத்திவர விரியுமே. அப்பிடி இருக்கு.

— எத்தனையோ பட்டப் பாத்திருக்கேன் சம்மந்தியம்மா. எல்லாம் ஆளு மேல கெடக்கும். ஆளையே தூக்கி நிறுத்துற துணிய இன்னைக்குத்தான் பாக்குறேன்.

— மெதுவா ஒரு சுத்துச் சுத்துங்கம்மா. ஆமா, அப்பிடித்தான். பாருங்க மாமா, ராட்டினம் சுத்துது.

— ஒரு எட்டு வைக்க முடியாதுன்னீகளே சம்மந்தியம்மா.

— இப்பப் பேசாதீக அண்ணே.

— சரி, பேசல. மாப்பிள்ளைக்கு நிக்க எடம் மட்டும் எப்பிடின்னு சொல்லிருங்க.

— கொஞ்சம் தள்ளி நிக்கட்டும். தள்ளி நின்னாத்தான பொண்டாட்டிய முழுசாப் பாக்க முடியும்.

— அப்ப கீர்த்தியக்காவுக்கு மணியே வெட்டிரவாம்மா?

— வெட்டு. அத்த சொன்னேன்னு போன் போட்டும் சொல்லிரு. எங்க ஊர்ச் சனம் ஏதாச்சும் கேட்டா, அவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.

— அது போதும் சம்மந்தியம்மா. எம்மக இனி மனசாரச் சரிம்பா.

— கையத் தூக்குங்கம்மா, கழட்டி விட்டுர்றேன்.

— அதெல்லாம் சரிப்படாது, இரு. அண்ணே, வண்டி வரைக்கும் போயி அவுகள உள்ள வரச் சொல்லுங்க. பேப்பர அங்கனயே வச்சுட்டு வரச் சொல்லுங்க.