நோட்டில் உள்ளபடி

ரொட்டியின் ஓரத்தை வெட்டி எறிகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நாற்பது வருடம் பேக்கரியில் வேலை பார்த்தவள் நான். ருசியெல்லாம் ஓரத்தில்தான் இருக்கிறது. முதல் நாள் உங்கள் அறைக்கு வந்தபோது, மேஜை மேல் ஓரம் வெட்டிய சாண்ட்விச் ஒன்று பாதி தின்றபடி கிடந்தது. இவரா என் தம்பிக்குச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தரப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம், அப்போது எனக்கு உங்களைத் தெரியாது.

போன வாரம் போன் செய்து, தம்பியின் சாப்பாட்டை நான் எழுதிவந்த நோட்டைக் கேட்டீர்கள். சர்க்கரை நோய் புதிதாக வந்தவர்களுக்கு மாதிரியாகக் காட்ட வேண்டும், இவ்வளவு ஒழுங்காக எழுதியவர் வேறு யாரும் இல்லை என்றீர்கள். கூடவே, என் தம்பி மகள் இரண்டு முறை பஸ் பிடித்து உங்கள் கிளினிக்குக்கு வந்து, "நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க" என்று அழுததையும் சொன்னீர்கள். நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். அதை யாருக்கும் காட்டும் முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள்.

அம்மா போனபோது எனக்குப் பதினெட்டு, தம்பிக்குப் பத்து. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நான் பேக்கரியில் சேர்ந்தேன். கேக்கைப் பெரிய தட்டில் சுட்டு எடுத்ததும் நாலு பக்கமும் வெட்டி நேராக்குவது என் வேலை. வெட்டிய ஓரங்களை வேலைக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று முதலாளி விட்டிருந்தார். சர்க்கரை உருகிப் பழுப்பாகி, கொஞ்சம் முறுகலாக இருக்கும். அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனால், தம்பி வாசலிலேயே கை நீட்டிக்கொண்டு நிற்பான். ஒரு நாள் கேட்டான், "அக்கா, நாளைக்கும் கொண்டாருவியா?" கொண்டு வருவேன் என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான்.

அவன் வளர்ந்து தையல்காரன் ஆனான். கல்யாணம் செய்துகொண்டு இரண்டு தெரு தள்ளிக் குடிபோனான். அப்போதும் வேலை முடிந்து வரும் வழியில் அவன் கடையில் பொட்டலத்தை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அவன் மனைவி இறந்து, மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். முன் அறையில் ஜன்னலோரம் மெஷின், பின்னால் என் சமையலறை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டதும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தினம் மாலை பேக்கரியின் பின்வாசலுக்குப் போவேன். புதிதாக வந்த பெண்களுக்கு என்னைத் தெரியும், பொட்டலம் தயாராக இருக்கும்.

ஒரு நாள் மெஷினின் மிதியில் ரத்தம் இருந்ததைப் பார்த்தேன். உடைந்த ஊசி அவன் பாதத்தில் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதோடு மிதித்துக்கொண்டிருந்தவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்படித்தான் உங்கள் கிளினிக்குக்கு வந்தோம். பெரிய டாக்டர் ஊசி மருந்து எழுதிக் கொடுத்தார். நீங்கள் ஒரு நோட்டைக் கொடுத்து, தம்பி வேளாவேளைக்கு என்ன சாப்பிடுகிறான் என்று எழுதிவரச் சொன்னீர்கள்.

முதல் வாரம் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்காது. கதவு திறந்திருந்தது, வெளியே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"கேக்கு, கேக்கு, கேக்கு. ஏழு நாளும் கேக்கா? நீங்க அவருக்கு அக்காவா, எமனா?"

வெளியே சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் விரும்பியதை எழுதினேன். காலை, ஓட்ஸ் கஞ்சி, சர்க்கரை இல்லாமல். பதினோரு மணிக்கு வெள்ளரிக்காய். மதியம் கோதுமை ரொட்டி இரண்டு, வேகவைத்த பீன்ஸ், முட்டையின் வெள்ளைக்கரு. மாலை ஆப்பிள் பாதி. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதியதும் நான்தான். தினமும் ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வரும் என்று, வாரம் ஒரு முறை "ஒரு பிஸ்கட் கேட்டார், கொடுக்கவில்லை" என்று எழுதி வைப்பேன். நீங்கள் அந்த வரியைத்தான் எல்லோருக்கும் படித்துக்காட்டினீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

நோட்டில் பீன்ஸ், தட்டில் கேக். இது மூன்று வருடம் நடந்தது. தம்பிக்கு இது தெரியுமா என்று கேட்பீர்கள். அவன் நோட்டைத் திறந்து பார்த்ததே இல்லை. "அக்கா பாத்துக்கும்" என்பான். வீட்டில் சோதிக்கிற கருவியை வாங்கச் சொன்னீர்கள், விரலில் குத்திக்கொண்டால் தைக்க முடியாது என்று ஒத்துக்கொள்ளவில்லை. மாலையானால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பான். அவன் வாய் திறந்து கேட்டு நான் மறுத்தது எதுவும் கிடையாது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல உங்களுக்கும் மனசு வந்திருக்காது.

ஒவ்வொரு முறை ரத்தம் சோதித்தபோதும் பெரிய டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு பத்தியமா இருந்தும் எறங்கலையே. சரி, மருந்த ஏத்திப் பாப்போம்." நோட்டை நம்பி மருந்தை ஏற்றினார். நாலு முறை ஏற்றினார், ஒவ்வொரு முறையும் ஊசியின் புது அளவை நோட்டில் குறித்துக்கொண்டேன். அவரையும் நான் குறை சொல்லவில்லை.

தம்பியின் வலது கால் பெருவிரலை எடுத்தார்கள். அன்று நான் நிஜமாகவே பயந்துபோனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், இனி நோட்டில் உள்ளபடியே செய்வது என்று முடிவெடுத்தேன். காலையில் ஊசியைப் போட்டு ஓட்ஸ் கஞ்சி கொடுத்தேன். பதினோரு மணிக்கு ஒரு சட்டைத் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தவன் கையிலிருந்து சாக்பீஸ் நழுவியது. சட்டையெல்லாம் நனைய வேர்த்திருந்தான். என்னைப் பார்த்து "அம்மா" என்றான். பேச்சு குழறியது. நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் நீங்கள் ஒட்டியிருந்த காகிதம் எனக்கு நினைவு வந்தது: வேர்வை, நடுக்கம், குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம், உடனே சர்க்கரை கொடுக்கவும், டாக்டரைக் கூப்பிடவும். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினேன். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான்.

"என்னக்கா ஆச்சு எனக்கு?"

"ஒண்ணுமில்ல, பசி மயக்கம்."

அந்த மருந்தின் அளவு கேக்குக்குப் போட்ட அளவு. நோட்டில் இருப்பதைச் சாப்பிட்டால் அந்த மருந்தே ஆளைக் கொன்றுவிடும். இது எனக்கு அன்றே விளங்கிவிட்டது, நான் அவ்வளவு மக்கு இல்லை. உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்று வருட நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் அந்தத் திறந்த கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. அன்று மாலை வழக்கம்போலப் பேக்கரிக்குப் போய்வந்தேன்.

விரல் போன செய்தி கேட்டு மகள் வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அடிக்கோடு போடுவதற்குக்கூட ஸ்கேல் எடுக்கிற பெண். நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நீங்க பட்டதெல்லாம் போதும். இனிமே அப்பாவ நான் பாத்துக்கறேன். எங்க கூடவே இருக்கட்டும்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "நாலு நாள் போய் இருந்து பாக்கறேன்க்கா" என்றான். மறுநாள் வண்டி வந்தபோது மெஷினையும் ஏற்றச் சொன்னான். நாலு நாளைக்குப் போகிறவன் மெஷினை எதற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

புறப்படும் முன் நோட்டை மகளிடம் கொடுத்தேன். அதற்கு முன் அட்டையை மாற்றினேன். பழைய அட்டையில் எண்ணெய்க் கறை இருந்தது, கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு. உங்கள் காகிதம் பழைய அட்டையோடு போய்விட்டது. அது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். "எல்லாம் இதுல இருக்கும்மா. ஊசியும் சாப்பாடும் இதுல உள்ளபடி, ஒரு வரி மாறக் கூடாது" என்றேன். அவள் தலையாட்டினாள்.

அவனுக்குக் கொஞ்சம் மயக்கம் வரும், அவள் பதறிப்போய் ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் மாலையும் பேக்கரிக்குப் போய்ப் பொட்டலத்தை வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் மகள் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அத்தை, நேத்து லேசா கை நடுங்குச்சு, பால் குடிச்சதும் சரியாயிடுச்சு. மத்தபடி நல்லா இருக்கார். இனிப்பு கேக்கவே இல்ல, தெரியுமா? 'ஒடம்பு லேசா இருக்கு, இத முன்னாடியே செஞ்சிருக்கலாம். நான் இங்கயே இருந்துடறேன்'னு சொல்றார்."

பழக்கம் மாறினால் கை நடுங்கத்தான் செய்யும் என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்று மாலை பேக்கரிக்குப் போகவில்லை. வேகவைத்த பீன்ஸைத் தின்றுவிட்டு உடம்பு லேசாக இருக்கிறதாம். அப்படியென்றால் நாற்பத்தாறு வருடம் நான் சுமந்துபோனது என்ன? எனக்கு வயிறு எரிந்தது. நான் எரிச்சல்படுகிற ஆளே இல்லை, அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நாலாம் நாள் காலை ஏழரை மணிக்கு மறுபடி போன். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை டப்பா திறந்திருந்தது, ஸ்பூன் கையில் இருந்தது.

"அத்தை, அப்பா இன்னும் எந்திரிக்கல. எழுப்புனா 'ம்'ங்கறார், திரும்பக் கண்ண மூடிக்கறார். தலகாணி எல்லாம் வேர்வை. டாக்டர கூப்பிடவா?"

கன்னத்துக்குள் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடு என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். அது எனக்குத் தெரியும், நான் செய்து பார்த்தவள். ஸ்பூனை டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

"தூங்கட்டும்மா. இங்கயும் சில நாள் அப்படித்தான் தூங்குவான். எழுப்பாத, எழுப்புனா அவனுக்குக் கோவம் வரும். நீ ஸ்கூலுக்குக் கெளம்பு."

அவள் நல்ல பெண், பெரியவர்கள் சொன்னால் கேட்பாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து பார்த்திருக்கிறாள்.

சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது, ஊசியை அளவு தப்பிப் போட்டீர்களா என்று அங்கிருந்த டாக்டர் அவளைத்தான் கேட்டாராம். அவள் நோட்டைக் காட்டியிருக்கிறாள். கடைசிப் பக்கங்களைப் பாருங்கள், மூன்று நாளும் வரிக்கு வரி சிவப்பு மையில் டிக் போட்டிருக்கிறாள். அந்த மூன்று நாள் மட்டும்தான் அந்த நோட்டில் உண்மை. காரியத்தன்று நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என் தோளில் சாய்ந்து, "எழுப்பியிருக்கணும் அத்தை, நான் எழுப்பியிருக்கணும்" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இப்போது அவள் அடுப்புப் பக்கமே போவதில்லை என்று அவள் கணவர் சொல்கிறார். அவள் எந்த அளவையும் தப்பவில்லை என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் போலீசுக்குக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, நான் வீட்டில்தான் இருப்பேன்.

என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை மட்டும் யாரும் சொல்லக் கூடாது. நாற்பத்தாறு வருடத்தில் என் தம்பி வாய் திறந்து இனிப்புக் கேட்டு நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. அன்று காலை அவன் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தான்.